வழிமொழிய ஓர் ஆள்

க்ளெண்டா ஆஷ்வொர்த்துக்கு அன்று காலை எழுந்ததிலிருந்தே பயம். கூட்டத்தில் பேசுவதை நினைத்து அல்ல. க்ளஃப்டன் ஊரில் அவள் வாய்க்குப் பயந்தவர்கள் பலர் உண்டு. அவள் பேசப் பயந்து யாரும் பார்த்ததில்லை. பயமெல்லாம் மோராவை நினைத்துத்தான்.

"அந்தத் தீர்மானத்தை எந்திரிச்சுப் படிச்சேன்னு வெச்சுக்க, விளையாட வேற ஜோடியப் பாத்துக்க" என்று ஜனவரியிலேயே மோரா சொல்லிவிட்டுப் போனவள்தான். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. ஈஸ்டருக்கு வாழ்த்து அட்டைகூட வரவில்லை.

மோரா ஃபீனியும் அவளும் க்ளஃப்டன் பௌல்ஸ் கிளப்பின் புல்தரையில் இருபது வருடத்துக்குப் பக்கமாக ஜோடி சேர்ந்து பந்து உருட்டுகிறவர்கள். க்ளெண்டா முதலில் உருட்டி, இலக்காக வைத்த சின்ன வெள்ளைப் பந்துக்குக் கிட்டத் தன் பந்தைக் கொண்டுபோய் வைப்பாள். மோரா பின்னால் வந்து எதிராளியின் பந்தை இடித்துத் தள்ளுவாள். மூன்று வருடத்துக்கு முன் கோப்பையே கைக்கு வந்தது. இறுதி ஆட்டத்தன்று எதிர் ஜோடி வந்த பேருந்து வழியில் நின்றுவிட, நடுவர் கோப்பையை இவர்களிடம் நீட்டினார். மோரா வாங்கவில்லை. "வராத ஆளைத் தோக்கடிக்க எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் வந்தார்கள், ஆடினார்கள், நன்றாக அடித்துத் துவைத்துவிட்டுக் கோப்பையோடு போனார்கள். தன் வீட்டு அலமாரியில் இருந்திருக்க வேண்டிய கோப்பை அது என்று க்ளெண்டா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

இந்தச் சனிக்கிழமை புதிய ஆட்டப் பருவம் தொடங்குகிறது. தீர்மானம் வியாழக்கிழமை, அதாவது இன்று.

சண்டைக்குக் காரணம் சேமிப்புச் சங்கத்தின் கண்ணாடிக் கதவில் ஒட்டிய ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். ஊரில் பாதிப் பேருக்குச் சம்பளம் கொடுப்பது க்ளஃப்டன் சேமிப்புச் சங்கம். அதில் பணம் போட்டு வைத்திருப்பவர்கள்தான் அதன் சொந்தக்காரர்கள், ஆளுக்கு ஓர் ஓட்டு. க்ளெண்டா ஓய்வு பெறும் வரை வேலை பார்த்ததும் அங்கேதான். அந்தச் சங்கம் 'திறந்த கதவு' என்ற அமைப்போடு சேர்ந்திருந்தது. திருநர்கள், ஒருபால் விருப்பமுள்ளவர்கள் ஆகியோருக்காகக் குரல் கொடுக்கிற அமைப்பு அது. ஊழியர் விதிகளை எப்படி எழுத வேண்டும் என்று முதலாளிகளுக்கு ஆலோசனை சொல்லும், வருடா வருடம் மதிப்பெண் போடும், தேறியவர்களுக்கு மஞ்சள் கதவு ஸ்டிக்கர் தரும். அந்த ஆலோசனைப்படி பேறுகால விடுப்பு விதியில் இருந்த 'தாய்' என்ற சொல் போய்விட்டது. பெண் ஊழியர்களின் ஓய்வறையும் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. அந்த விடுப்புக்காகவும் அந்த அறைக்காகவும் எட்டு மாத வயிற்றோடு மேலாளர் அறை வாசலில் நின்று சண்டை போட்டவள் க்ளெண்டா. அவளுக்கு அது பொறுக்கவில்லை. அமைப்போடு உறவை வெட்டச் சொல்லித் தன் சமையலறை மேசையில் இயக்கம் தொடங்கினாள். இணையத்தில் அது பற்றிக்கொண்டது. லீட்ஸ், ஷெஃபீல்ட், ஹல் என்று பல ஊர்ப் பெண்கள் சேர்ந்தார்கள். இயக்கத்தின் அடையாளமாகப் பச்சைக் கழுத்துத்துணிகூடப் பின்னியாயிற்று.

மோராவின் தங்கை மகள் ஈவி அந்தச் சங்கத்தின் கவுண்ட்டரில் வேலை பார்க்கிறாள். பிறந்தபோது அவளுக்கு வைத்தது வேறு பெயர், பையன் பெயர். அவ்வளவுதான் விஷயம், ஆனால் மோராவுக்கு அது எல்லாமும்.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்த மெதடிஸ்ட் தேவாலய மண்டபத்தின் வாசலில் பாஸ்புக் சரிபார்த்துக்கொண்டிருந்ததும் அதே ஈவிதான். ஈவி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"வாங்க க்ளெண்டா ஆன்ட்டி. முட்டை சாண்ட்விச் இப்பவே எடுத்துக்குங்க. மில் தெரு ஆளுங்க வந்துட்டா தட்டுதான் மிஞ்சும்."

"இன்னிக்கு நான் என்ன பண்ணப் போறேன்னு தெரியும்ல ஈவி?"

"ஊருக்கே தெரியும். உங்க பாஸ்புக்கக் கொடுங்க."

க்ளெண்டாவுக்கு அவளைப் பிடிக்கும். சின்ன வயதில் மடியில் வைத்து மூக்குத் துடைத்துவிட்ட பிள்ளை. ஈவி என்று கூப்பிடுவதில் அவளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. விதியைத்தான் எதிர்க்கிறோம், பிள்ளையை அல்ல என்று தனக்குத் தானே அவள் சொல்லிக்கொண்ட நேரத்துக்குக் கணக்கில்லை. சொல்லச் சொல்ல அது லேசாகவும் இல்லை.

வேன் வந்து நின்றது. பச்சைத் துணிகள் படையெடுத்து வந்தன. முன்னால் வந்த லீட்ஸ்காரி, "எங்க தலைவி எங்க?" என்று கத்தினாள்.

"பாஸ்புக் வெச்சிருக்கீங்களா?" என்றாள் ஈவி.

"பாஸ்புக்கா? நாங்க லீட்ஸ்ல இருந்து வர்றோம்மா. உங்க சங்கத்துல எங்களுக்கு ஏது கணக்கு?"

"அப்போ நீங்க விருந்தாளிங்க. பின் வரிசைல உக்காரலாம், டீ குடிக்கலாம். ஓட்டுப் போடவோ பேசவோ கூடாது, சங்கத்து விதி."

"வாயே திறக்கக் கூடாதா?"

"சாண்ட்விச்சுக்குத் திறக்கலாம்."

லீட்ஸ்காரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஊர் ஊராக ஆள் சேர்த்த க்ளெண்டாவுக்கு, அவர்களில் ஒருவருக்காவது இங்கே கணக்கு இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவே இல்லை. அவ்வளவு கெட்டிக்காரி! ஆனாலும் அவள் கலங்கவில்லை. தீர்மானத்தை வழிமொழிய உள்ளூர் உறுப்பினர் ஒருவர் போதும், அதற்கு க்ளைவ் ஆர்மெராட் இருந்தார். இணையத்தில் இவளுக்கு முன்னால் குதிக்கிற ஆள்.

க்ளைவ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். "க்ளெண்டா, அவங்களுக்கு ஒரு பாடம் கத்துக் கொடுத்துட்டேன்!"

"என்ன பாடம்?"

"திங்கக்கிழமை போனேன். 'அந்த மஞ்சக் கதவு இருக்கற எடத்துல என் காசு ஒரு பென்னிகூட இருக்காது'ன்னு சொல்லி மொத்தத்தையும் எடுத்துட்டேன். கணக்கையே மூடியாச்சு."

க்ளெண்டா அவரையே பார்த்தாள். "மூடிட்டீங்களா?"

"இழுத்து மூடிட்டேன்."

"அப்போ நீங்க உறுப்பினரே இல்லையே க்ளைவ்."

க்ளைவ் நிமிர்த்திய நெஞ்சை இறக்கினார். "பின் வரிசைல டீ குடுக்கறாங்களாமே" என்று சொல்லி நழுவினார்.

சங்கத் தலைவர் பிரையர்லி கணக்கு வழக்குகளைப் படித்து முடிப்பதற்குள் மண்டபத்தில் பாதி தூங்கிவிட்டது. மீதிப் பாதி சாண்ட்விச் மேசையைச் சுற்றி நின்றது. மூன்றாவது வரிசை ஓரத்தில் நீல மழைக்கோட்டோடு மோரா உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"உறுப்பினர் தீர்மானம் ஏதாவது இருக்கா?" என்றார் தலைவர்.

இப்போது எழுந்தால் மோரா போய்விடுவாள். எழாவிட்டால் அன்று மேலாளர் அறை வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற தன்னையே தான் விட்டுக்கொடுத்த மாதிரி. க்ளெண்டா எழுந்தாள். 'திறந்த கதவு' அமைப்போடு சங்கம் உறவை முடித்துக்கொள்ள வேண்டும் என்று முன்மொழிந்தாள். குரல் நடுங்கியது. அவளுக்கே அது புதிது.

"வழிமொழிய யாராவது?" என்றார் பிரையர்லி.

உறுப்பினர்களில் ஒரு கைகூட எழவில்லை. பின் வரிசையில் பச்சைத் துணிகள் எல்லாம் கையைத் தூக்கின. தலைவர் அவர்களைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையை ஆட்டினார். முன்னால் இருந்தவர்களுக்கு எதற்கு வம்பு என்ற எண்ணம். நாளைக்கு ரொட்டிக் கடையில் யார் முகத்தில் விழிக்க வேண்டியிருக்குமோ!

"வழிமொழிய ஆளில்லேன்னா தீர்மானத்தை எடுத்துக்க முடியாது, திருமதி ஆஷ்வொர்த். விவாதமும் கிடையாது." அவர் மரச் சுத்தியைக் கையில் எடுத்தார். "கடைசியாக் கேக்கறேன்."

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"நான் வழிமொழியறேன்" என்றாள் மோரா.

மண்டபத்தில் தூங்கியவர்கள்கூட விழித்தார்கள். பிரையர்லி கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். "திருமதி ஃபீனி, நீங்க இந்தத் தீர்மானத்தை ஆதரிக்கிறீங்களா?"

"சுத்தமா இல்ல. உயிர் போனாலும் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன். வழிமொழியறேன்னுதான் சொன்னேன். ரெண்டும் ஒண்ணா?"

தலைவர் பக்கத்தில் இருந்த செயலாளரிடம் குனிந்தார். செயலாளர் தோளைக் குலுக்கினார். "விதியில தடை ஒண்ணும் இல்ல" என்றார் பிரையர்லி. "திருமதி ஆஷ்வொர்த், பேசுங்க."

க்ளெண்டா நிமிர்ந்து நின்றாள். எழுதி வைத்திருந்த பேச்சில் பாதி மறந்துபோனது, மறந்ததும் நல்லதற்குத்தான். எதிராளியை வறுத்தெடுக்கிற பாதி அது. "எனக்கு யார் மேலயும் பகை இல்ல" என்று தொடங்கினாள். "ஆனா நம்ம விதிய நாமதான் எழுதணும். வெளில இருந்து ஒருத்தர் மார்க் போடறாங்கன்னு எழுதக் கூடாது. தாய்ங்கற சொல்லு அந்த விதில வர்றதுக்கு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். அத எடுக்கறதுக்கு முன்னாடி என்னை மாதிரி பொம்பளைங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." கைதட்டல் கொஞ்சம் வந்தது, பின் வரிசையிலிருந்து நிறைய.

அடுத்து மோரா. "எங்க ஈவி வேலைக்கு மனுப் போட்ட மூணு எடத்துல வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்துட்டா. உள்ள போனா சிரிப்பாங்களோன்னு பயம். இங்க அந்த மஞ்சக் கதவப் பாத்துட்டுத்தான் உள்ள வந்தா. உங்களுக்கு அது வெறும் ஸ்டிக்கர். அவளுக்கு அதுதான் வாசல்." அவ்வளவுதான் பேசினாள். உட்காரும்போது மழைக்கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

கைகளை எண்ண ஒருவர் வேண்டும் என்றார் தலைவர். ஈவி எண்ணட்டும் என்று யாரோ சொல்ல, எல்லோரும் க்ளெண்டாவைப் பார்த்தார்கள்.

"கவுண்ட்டர்ல என் பணத்தை எண்ணறவ அவதான்" என்றாள் க்ளெண்டா. "எண்ணட்டும்."

ஈவி எண்ணினாள். தூணுக்குப் பின்னால் தலைவர் கண்ணில் படாமல் உயர்ந்திருந்த ஒரு கையை, "அங்க ஒண்ணு இருக்கு, ஆதரவு" என்று அவளே சுட்டிக் காட்டினாள். தீர்மானம் ஏழு ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது. ஆனாலும் அடுத்த வருடம் உறவைப் புதுப்பிக்கும் முன் ஊழியர்கள் எல்லோரையும், ஓய்வு பெற்றவர்களையும் சேர்த்து, கருத்துக் கேட்பதாகப் பிரையர்லி அறிவித்தார். இரண்டு பக்கமும் ஜெயித்த மாதிரி கைதட்டின. அதோடு கேக் வெட்டினார்கள்.

வெளியே மழை. பேருந்து நிறுத்தத்தின் கூரைக்குக் கீழே மோரா நின்றிருந்தாள். க்ளெண்டா போய்ப் பக்கத்தில் நின்றாள். இருவரும் எதிரே ஓடும் தண்ணீரையே பார்த்தார்கள்.

"தோத்துட்ட" என்றாள் மோரா.

"தெரியும்டி."

"நல்லாத் தோத்த. பேச்சு மோசமில்ல."

"ஏன்டி எந்திரிச்ச? பேசாம உக்காந்திருந்தா உனக்குத் தானாவே வெற்றி."

"அதெல்லாம் ஒரு வெற்றியா?" மோரா குடையை உதறினாள். "ஆளே இல்லாத தரைல பந்து உருட்டற மாதிரி. உன்னைத் தோக்கடிக்கணும்னு நாலு மாசமா நெனச்சிட்டிருக்கேன். சுத்தியல் அடிச்சு உன்னை உக்கார வெக்கறதுக்கு பிரையர்லி யாரு?"

க்ளெண்டாவுக்கு அந்தக் கோப்பை ஞாபகம் வந்தது. அதற்காக ஒரு வாரம் முகம் கொடுக்காமல் இருந்ததும் ஞாபகம் வந்தது. கண் நிறைந்துவிட்டது, மழை என்று சொல்லக்கூட வழியில்லை, கூரைக்குக் கீழே அல்லவா நிற்கிறாள்.

"வேற ஜோடி பாத்துக்கன்னு சொன்னியே."

"பாத்தியா?"

"இல்ல."

"நான் பாத்தேன். பார்பராவோட ஒரு நாள் ஆடினேன். ஒவ்வொரு பந்துக்கும் பாட்டுப் பாடறா." மோரா பெருமூச்சு விட்டாள். "சனிக்கிழமை பத்து மணிக்கு வந்துடு. ஈவி பாக்க வர்றேன்னா."

"வரட்டும். சாண்ட்விச் எடுத்துட்டு வரச் சொல்லு. எனக்கு இன்னிக்கு ஒண்ணுகூடக் கெடைக்கல."

மோரா மழைக்கோட்டுப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய இரண்டு முட்டை சாண்ட்விச்சை எடுத்து ஒன்றை நீட்டினாள். "ஈவிதான் கொடுத்தா. ஆன்ட்டி சாப்பிடவே இல்லன்னா."

க்ளெண்டா வாங்கி ஒரு கடி கடித்தாள். பேருந்து வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

"அடுத்த வருஷமும் கொண்டு வருவேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் வாயில் சாண்ட்விச்சோடு.

"கொண்டு வா" என்றாள் மோரா, பேருந்துக்குக் கையைக் காட்டியபடி. "ஆனா வழிமொழிய அந்த க்ளைவக் கூப்பிடக் கூடாது. என்னைத்தான் கூப்பிடணும்."