ஈரச் சாக்கு ரகசியம்

என் கணவர் மர்வோத்தோவுக்கு ஒரு ரகசியம் கிடைத்தது. கிடைத்த நாளிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று.

இந்தோனேசியாவில் சிடோஆர்ஜோ ஊரில் நாங்கள் இறால் அப்பளம் போடுகிறவர்கள். மழைக்காலம் வந்தால் எங்கள் சந்து முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்க்கும். சூடுகாட்டிக் காயவைத்தால் அப்பளம் விரிசல் விட்டுவிடும். அந்த வருஷம் எங்கள் அப்பளம் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் காய்ந்தது. புதிதாகக் கட்டிய காயவைக்கும் அறைக்குள் இவர் என்னவோ செய்தார். என்னவென்று எனக்குத் தெரியாது. இருபத்தாறு வருஷமாக மாவு பிசைகிற எனக்கே கதவைச் சாத்திவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"காப்புரிமை வாங்கிடுங்க மாஸ்" என்று இவரிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். சுரபாயாவிலிருந்து ஹெஸ்தி என்ற வக்கீலையும் வரவழைத்தேன்.

"செய்முறையை ஒண்ணுவிடாம எழுதிக் குடுக்கணும் பாக். அரசாங்கம் அதை ஊரறிய வெளியிடும். பதிலுக்கு இருபது வருஷம் உங்களைத் தவிர வேற யாரும் அப்படிச் செய்யக் கூடாது" என்றார் ஹெஸ்தி. எங்கள் பக்கம் புருஷன் பெண்டாட்டிக்கு 'மாஸ்', மற்றவர்களுக்கு மரியாதையாக 'பாக்'.

"ஊரறிய வெளியிடவா நான் ஒளிச்சு வெச்சிருக்கேன்? வாயை மூடிட்டு இருந்தா இருபது என்ன, இருநூறு வருஷம் எனக்குத்தான்."

"மூடியிருக்கிற வரைக்கும்தான் பாக்."

"என் பொண்டாட்டிக்கே தெரியாது. வேற எவனுக்குத் தெரியப்போவுது?" என்று பெருமையாக என்னைக் கைகாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வாரம் அந்த அறைக்காக விருந்து வைத்தோம். புதிதாக எது வந்தாலும் மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்து, அக்கம்பக்கத்து ஆண்களை அழைத்து துஆ ஓதி இறைவனிடம் வேண்டாவிட்டால் எங்களுக்குத் தூக்கம் வராது. பக்கத்து வீட்டு அப்பளக்காரர் காசியானும் வந்தார். பரம எதிரியானாலும் பக்கத்து வீடு பக்கத்து வீடுதான். நான் பின்கட்டில் கோழி பொரித்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் போட்ட இரைச்சலில் முன்னறைப் பேச்சு எதுவும் காதில் விழவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் காசியான் வீட்டு அப்பளமும் காய்ந்தது. "அவன் வீட்டுக் கூரை தகரம், அதான்" என்றார் இவர். அதற்கடுத்த மழைக்காலத்தில் ஹெஸ்தி ஒரு தாளோடு வந்து நின்றார். காசியான் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார். கிடைத்துவிட்டால் நாங்கள் எங்கள் அறையிலேயே அப்பளம் காயவைக்க அவரிடம் அனுமதி கேட்க வேண்டும்.

தாளை வாங்கிப் படித்தேன். அப்பளம் பாதி காய்ந்ததும் ஈரச் சாக்கால் போர்த்தி ஒரு பகல் விட்டு, பிறகு மறுபடி சூடுகாட்ட வேண்டுமாம். என் புருஷனின் ரகசியத்தை எதிராளியின் விண்ணப்பத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

"நீதானே சொன்ன?" என்றார் இவர்.

"தெரியாததை எப்படிச் சொல்றது? சொல்லிக் குடுங்க, சொல்றேன்."

நேராக, விருந்தன்று துஆ ஓதிய பள்ளிவாசல் மோதின் வீட்டுக்குப் போனேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர்தாம்மா சொன்னார். எதுக்காக விருந்துன்னு வாய்விட்டுச் சொன்னாத்தானே துஆ? 'புது அறைக்காக'ன்னு முழுங்கினார். இறைவன்கிட்ட அரைகுறையாச் சொன்னா பரக்கத்தும் அரைகுறையாத்தான் வரும்னேன். அப்புறம் கால் மணி நேரம் சொன்னார். சாக்கை எவ்வளவு பிழியணும்கிறது வரைக்கும்."

காசியானுக்கு மட்டுமல்ல, விருந்துக்கு வந்த மற்ற பன்னிரண்டு ஆண்களுக்கும் அது தெரிந்திருந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. துஆவில் கேட்டதை வெளியே பேசுவது மரியாதை இல்லையாம்.

ஹெஸ்திக்கு ஒரே சந்தோஷம். "விண்ணப்பத்துக்கு முன்னாடியே பலபேர் முன்னால சொல்லியாச்சுன்னா அது புதுசு இல்லை. காசியானுக்குக் கிடைக்காது."

"எனக்கு?"

"உங்களுக்கும்தான் கிடைக்காது பாக். யாரு வேணும்னாலும் செய்யலாம். ஆனா 'நானேதான் சொன்னேன்'னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போடணும்."

மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தார். இருநூறு வருஷ ரகசியத்தைத் தானே தட்டில் வைத்துப் பரிமாறியதாக எழுதுவது லேசா? நாலாம் நாள் எழுதினார். பன்னிரண்டு பேரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். காசியானின் விண்ணப்பம் தள்ளுபடியானது. அந்த வாரமே சந்தில் ஐந்து வீடுகளில் சாக்கு நனைந்தது.

அன்று இவர் அறைக் கதவை அகலத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இனிமே என்ன இருக்கு நிங்? நீயும் உள்ள வா."

"ஊரே உள்ள வந்துட்டுப் போன பிறகா எனக்கு அழைப்பு?" என்றேன். ஆனாலும் போனேன். அழுகை வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

உள்ளே சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். ஓர் அப்பளத்தை விரலால் அமுக்கிப் பார்த்தேன். மாவை அறிந்த கை இது. இருபத்தாறு வருஷமாகப் பிசைகிற மாவு எப்போது ஈரம் குடிக்கும், எப்போது விடும் என்று இந்தக் கைக்குத் தெரியும். பத்து நாள் தனியாக அந்த அறையில் இருந்தேன். பதினோராம் நாள், ஒரு பகல் போர்த்திவைக்க வேண்டிய அப்பளம் ஒரு மணி நேரத்தில் தயாரானது.

மறுநாள் காலை நல்ல சேலையாக உடுத்திச் சுரபாயா பேருந்துக்குக் கிளம்பினேன். இவர் வாசல்வரை பின்னாலேயே வந்தார்.

"நீ என்ன பண்ணேன்னு எங்கிட்டயாவது சொல்லிட்டுப் போ நிங்."

"அரசாங்கம் ஊரறிய வெளியிடும் மாஸ். அப்போ படிச்சுக்கோங்க."