சங்கிலியில் தங்கிவிட்ட குரைப்பு

2011ஆம் வருஷம் மாசி மாதம் விழுப்புரத்தில் விருத்தாசலம் என்பவர் வீட்டு நாயை அமல்ராணி அவிழ்த்துக்கொண்டு போனபோது, அதன் குரைப்பு மட்டும் சங்கிலியிலேயே தங்கிவிட்டது. தப்பு அமல்ராணியுடையதுதான். திண்டிவனத்தில் தையல் கடை வைத்திருந்த அவளும், மீன் வண்டி ஓட்டும் டோமினிக்கும் அடிபடும் நாய்களை மீட்டு நல்ல வீடு பார்த்துக் கொடுத்துவந்தார்கள். நாயைக் கொண்டுபோவார்கள், சங்கிலியை விட்டுவிடுவார்கள். அது அவர்கள் வழக்கம். நாய் போனால் எவனும் ஸ்டேஷனுக்குப் போக மாட்டான், இரும்பு போனால் அன்றைக்கே போய் நிற்பான்.

விருத்தாசலம் செங்கல் சூளைக்காரர். கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எடுத்து நாயை அடிப்பார். அன்று சாயங்காலம் தூணில் தொங்கிய சங்கிலி தபால்காரரைப் பார்த்துக் குரைத்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. சோறு கேட்காது, சொறி பிடிக்காது, காவல் மட்டும் காக்கும்! சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டார்.

இங்கே அமல்ராணி பட்ட பாடு கொஞ்சமல்ல. எந்த வீட்டுக்குள் போனாலும் சுவரை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உட்காரும் என்பதால் நாய்க்கு மேஸ்திரி என்று பேர் வைத்திருந்தாள். வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. கோழி திருட வந்தவனை வாலாட்டி வழியனுப்பி வைத்ததாகச் சொல்லி, முதலில் அதை வாங்கிப்போன ராயப்பன் திருப்பிக் கொண்டுவந்து விட்டார். மேல்மலையனூர்த் தேங்காய்க் கடையிலிருந்தும் திரும்பி வந்தது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்தது. இன்னொரு வீடும் வேண்டாமென்றால் இது பிழைக்காது என்று அமல்ராணிக்குத் தெரிந்தது. சங்கிலி குரைக்கும் சேதி காதுக்கு வந்ததும், குரைப்பைத் திருப்பித் தரச்சொல்லி விழுப்புரம் போய் நின்றாள். விருத்தாசலம் கதவைக்கூடத் திறக்கவில்லை. "நாயத்தான் இட்டுக்கினு பூட்டியே, இன்னும் இன்னா வோணும்?" என்று உள்ளேயிருந்தே கேட்டார்.

குரைப்புக்கு மூக்கு கிடையாது என்பதை அவர் யோசிக்கவில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் காலடிச் சத்தம். அதிலும் அடிக்க வருகிற கால் எது என்று நன்றாகவே தெரியும். ஐப்பசி மழையில், சங்கிலி குரைத்து உள்ளே விடாமல், விருத்தாசலம் சொந்த வீட்டு வாசலில் நனைந்துகொண்டு நின்றார். கடைசியில் சங்கிலியைக் கோணியில் கட்டி திண்டிவனத்துக்கு பஸ் ஏறினார். நாயை இறக்கு என்றார் கண்டக்டர். பிரித்துக் காட்டியும் நம்பாமல் விக்கிரவாண்டியில் இறக்கிவிட்டார். மீதித் தூரம் முழுக்க, எடுத்துவைத்த ஒவ்வொரு அடிக்கும் கோணியிடம் வசவு வாங்கிக்கொண்டே நடந்து வந்தார்.

"யம்மா, ஜல்தியா வாங்கிக்கம்மா. பெரிய பேஜாரா கீது."

சங்கிலியைக் கண்டதும் மேஸ்திரி தையல் மிஷினுக்கு அடியில் புகுந்து ஒன்றுக்கிருந்துவிட்டது.

"ஒரே ஒரு தபா கய்த்துல மாட்டுனா சத்தம் வந்துடும்க்கா," என்றான் டோமினிக்.

அமல்ராணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அந்தச் சத்தம் அதுக்கு வாணாம்டா. அதுவும் அடிவாங்குன சத்தந்தான? அதுக்கும் ஒரு எடம் பாரு."

அப்படியாகக் குரைப்பு, நிலக்கடலையைக் காட்டுப்பன்றிக்குப் பறிகொடுத்துக்கொண்டிருந்த பூமாலையின் மல்லாட்டைக் கொல்லை வேப்பமரத்துக்குக் குடிபோயிற்று. பூமாலை தினமும் அதனோடு பேசினாள். காட்டுப்பன்றி அந்தத் திசையில் தலைவைத்தும் படுக்கவில்லை. மேஸ்திரிக்கும் தானாகவே ஆள் வந்தது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் நர்ஸ் சகாய பிரியா, குரைக்காத நாயாக ஒன்று கிடைக்குமா என்று தையல் கடைக்கே வந்து கேட்டாள். சத்தமில்லாமல் அவள் தலைமாட்டில் படுத்துப் படுத்தே மேஸ்திரி உடம்பு தேறியது.

2016இல் பூமாலை மகன் கல்யாணத்துக்கு எல்லோருமாக டோமினிக் வண்டியில் போனார்கள். கொல்லைப் பக்கம் வண்டி திரும்பியதும் அமல்ராணி மேஸ்திரியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அத்தனை பேரையும் பார்த்துக் கத்திக்கொண்டிருந்த சங்கிலி, மேஸ்திரி இறங்கியதும் அடங்கிவிட்டது. மேஸ்திரி மரத்தடிக்குப் போய், கிளையை அண்ணாந்து பார்த்தது. பிறகு உட்கார்ந்தது. பூமாலை வேகவைத்த மல்லாட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். அது சாப்பிட்டு முடிக்கும்வரை கொல்லையில் சத்தமில்லை. வண்டி தார் ரோட்டில் ஏறி மறைந்த பிறகுதான், காகம் ஒன்று வந்து உட்கார, சங்கிலி வழக்கம்போல் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கியது.