ஒரே குச்சுக்குள் இரண்டு பேர்

...மூளையிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டேதான் இருக்கிறதாம், மற்ற பெண்களுக்கு வருவதைவிடப் பல மடங்கு, ஆனால் சினைப்பையில் அதை வாங்குகிற ரிசப்டர் பழுது, அதனால் முட்டை முதிர்வதே இல்லை என்றார் டாக்டரம்மா, மாத்திரை போட்டால் தீட்டு வரும், சொந்த முட்டையில் பிள்ளை வராது... இருபத்திரண்டு வயதில் இதைக் கேட்டு நான் அழவில்லை, அம்மாதான் முந்தானையைக் கடித்தாள், இப்போது திருவாதவூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் மடியையே பார்த்துக்கொண்டு வருகிறாள், அங்கே என்ன தெரிந்துவிடும்? தையில் எனக்கும் சிவபாண்டி மாமாவுக்கும் கல்யாணம், அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, நான் வயதுக்கே வரவில்லை என்பது அவருக்குத் தெரியாது, எப்படித் தெரியும், தங்கை பாண்டிமீனா முந்திக்கொண்டாள், மூத்தவளை விட்டுவிட்டு இளையவளுக்குச் சடங்கு வைத்தால் ஊர் பேசும் என்று அம்மா எங்கள் இருவரையும் சேர்த்தே உட்கார வைத்தாள், மாமாதான் பச்சை ஓலையில் குச்சுக் கட்டினார், உள்ளே அவளுக்கு வயிற்றுவலி, எனக்கு உளுந்தங்களி திகட்டல், "நீ சும்மா உக்காந்து திங்கிற, நாந்தான்டி சாகுறேன்" என்று சிரித்தாள், இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை அவள். ஊரே கறிச்சோறு தின்றது, தின்ற ஊரிடம் இனி என்னத்தைச் சொல்வது?

ஒத்தக்கடை தாண்டியதும் அம்மா போனை எடுத்தாள். "சிவா, நாளு மாறல, பொண்ணுதான் மாறுது... சின்னவளக் கட்டிக்க. பெரியவளுக்கு ஒடம்பு செரியில்ல, அம்புட்டுத்தான்." மாமாவின் குரல் எனக்கே கேட்டது, "என்னக்கா, ஜவுளிக்கடையில சேல மாத்துற மாதிரி சொல்ற?" "எடுபட்ட பயலே, வாய மூடிட்டு வீட்டுக்கு வா." பாண்டிமீனாவிடம் யார் கேட்டார்கள்... யாரும் கேட்கப்போவதில்லை. ஆஸ்பத்திரியில் அம்மா டீ வாங்கப் போயிருந்தபோது டாக்டரம்மா என்னிடம் மட்டும் சொன்னது, அப்பாவும் அம்மாவும் அத்தை மகன் மாமன் மகள், இரண்டு பேரிடமும் இந்தப் பழுது வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது, மாமாவிடமும் தங்கையிடமும் அப்படியே இருக்கலாம், சொந்தத்தில் கட்டுவதற்கு முன் ரத்தம் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் அவர்கள் பிள்ளைக்கும் வரலாம்... சொல்ல வேண்டியது இவ்வளவுதான், ஒரு நிமிடம் ஆகாது, அம்மாவின் காது என் வாய்க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, வாயைத் திறந்தேன், பாண்டிமீனாவுக்கு ஒரு மகள், வளர்ந்து, என்னைப் போலவே தீட்டு வராத வயிற்றோடு எங்கள் வீட்டில் நடமாடுகிற ஒருத்தி... நினைத்ததும் பதற வேண்டாமா, ஏன் பதறவில்லை?

"என்னடி, என்னமோ சொல்ல வந்த?"

"ஒண்ணுமில்லம்மா."

ஊருக்குப் பயந்துதான் வாயை மூடினேன் என்று நினைத்துக்கொண்டேன், அடுத்த நிறுத்தம் வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன்... பயம் இல்லை அது, என்னைப் போல இன்னொருத்தி எனக்குத் துணைக்கு வரட்டும் என்று இருந்தது.