பழைய டேங்க் எங்கே போகிறது

மழைத் தண்ணீர் விஷயத்தில் அந்தப் பக்கத்து நாலைந்து தெருவுக்கும் பைப்காரர் ஒருவர்தான். கூரையில் விழுகிற தண்ணீரைத் தகரக் கால்வாயில் இறக்கி, வடிகட்டி, டேங்கில் நிரப்பி, சமையலறைக் குழாய் வரைக்கும் கொண்டுவந்து விடுவது அவர் தொழில். பேச்சு குறைவு. ஆனால் பேசினால் அந்தப் பேச்சில் ஆணி அடித்துத் துணி காயப்போடலாம் என்பார்கள் வாடிக்கைக்காரர்கள். "வர்றேன்" என்று சொன்ன நாளில் வருகிற பைப்காரரை உலகத்தில் எங்கே பார்ப்பது?

அவருடைய ஒரே மகளை டேங்க் கடைக்காரர் வீட்டில் கொடுத்திருந்தார். சம்பந்திக்கு ஊர் ஓரத்தில் பெரிய கொட்டகை. முன்பக்கம் பச்சையும் கறுப்புமாகப் புது டேங்குகள், பின்பக்கம் பழையதை அரைக்கிற இயந்திரம். வாசலில் ஆளுயரப் பலகை: "பழைய டேங்கைக் கொடுங்கள், அதுவே புது டேங்காகத் திரும்பி வரும்." பழையதைக் கொடுத்தால் விலையில் கழிவு உண்டு. மகள் அந்தக் கடையின் போன் வேலைகளைப் பார்த்துக்கொண்டாள். பழைய டேங்க் ஒன்றையும் புது டேங்க் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துப் போடுவாள். பைப்காரர் அந்தப் படங்களை மனைவிக்குக் காட்டி, "நம்ம பொண்ணு" என்பார். மனைவி, "படத்துல டேங்க்தான் இருக்கு, பொண்ணு எங்க?" என்பாள்.

அவருடைய வாடிக்கைக்காரர்களில் ஒருவரான டீச்சர் வீட்டு டேங்க் வெடித்தது கோடையின் நடுவில். வெயில் படுகிற பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு கீறல். டீச்சர் கையால் தேய்த்துப் பார்த்தார். உள்ளங்கையில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி ஒட்டியது.

"இதுவும் வெயில்ல நின்னு இப்படி ஆயிடுச்சு. புதுசு வச்சாலும் இதே கதைதானே? நான் சிமென்ட்ல கட்டிக்கலாம்னு பாக்கறேன்" என்றார்.

"வெயில் எதைத்தான் விட்டுச்சு டீச்சர்? ஆனா இது குப்பைக்குப் போகாது. அரைச்சு, உருக்கி, மறுபடி டேங்காவே வரும்."

"உண்மையாவா? இப்படிப் பொடியா உதிர்றதா?"

"என் சம்பந்தி கடை. என் பொண்ணு வாழ்ற இடம். உங்ககிட்ட நான் பொய் சொல்வேனா?"

டீச்சர் உள்ளங்கைப் பொடியைத் தட்டிவிட்டார். "நீங்க சொன்னா சரி" என்றார்.

அதோடு நிற்கவில்லை. அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலும் கட்டடத்தைச் சுற்றி அதே வயதுடைய டேங்குகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றையும் மாற்றலாம் என்று தலைமை ஆசிரியரிடம் பேசி முடித்தார். பழைய டேங்குகள் போவதற்கு முந்தைய வாரம், பிள்ளைகள் அவற்றின் மேல் மீனும் மேகமுமாக வண்ணம் தீட்டினார்கள். ஒன்றின் மேல் கோணல் எழுத்தில் "சீக்கிரம் திரும்பி வா" என்று எழுதியிருந்தது. பைப்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார். லாரியில் ஏற்றும்போது அந்த எழுத்து சுரண்டுபடாமல் சாக்கு மடித்து வைத்தார்.

புது டேங்குகளைப் பொருத்துகிற வேலையில் ஒன்றுக்கு மூடி சரியாக உட்காரவில்லை. போன் செய்து மாற்று மூடி அனுப்பச் சொல்லியிருக்கலாம். வேலையைப் பாதியில் விட அவருக்கு மனம் வராது. வண்டியை எடுத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்கே போனார். மதியச் சாப்பாட்டு நேரம். முன்னால் ஆள் இல்லை. நம் வீடு மாதிரிதானே என்று மூடி தேடிக்கொண்டு பின்பக்கம் போனார்.

அரைக்கிற இயந்திரம் இருந்தது. பழைய டேங்கைத் துண்டு போட்டுக் கொட்டுகிற அதன் வாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்தது. ஒன்றல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக மண்கூடுகள். மின்சாரக் கம்பி எங்கேயும் செருகப்படாமல் சுருண்டு கிடந்தது.

பழுதாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்படிச் சொல்லிக்கொண்டே பின்மதில் கதவைத் திறந்தார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் கல் உடைத்துக் கைவிடப்பட்ட குழி. அதில் டேங்குகள். அறுத்தவை, நசுங்கியவை, பாதி எரிந்து ஒழுகிக் கட்டியாகிப் போனவை. எரிந்த நாற்றம் இன்னும் போகவில்லை. அவர் இறங்கிப் போனார். காலுக்குக் கீழே காய்ந்த சருகு மாதிரி நொறுங்கியது. குனிந்து ஒரு கை அள்ளினார். கறுப்பும் பச்சையுமாக நகத்தளவு சில்லுகள். குழியின் தாழ்ந்த பக்கம் ஓடை. சில்லுகள் ஓடைவரைக்கும் சரிந்து போயிருந்தன.

மேலாகக் கிடந்த ஒரு துண்டில் மீன் இருந்தது. தலை மட்டும். வட்டக் கண். வால் எங்கேயோ.

அவர் வெளுத்த துண்டு ஒன்றும் வெளுக்காத துண்டு ஒன்றுமாக இரண்டைப் பொறுக்கிக்கொண்டார். பழைய டேங்க் வாங்கிய ஒவ்வொரு வீடும், ஒவ்வொரு வாசலும் நினைவுக்கு வந்தது. "என் பொண்ணு வாழ்ற இடம்" என்று சொல்லிச் சொல்லி வாங்கிய டேங்குகள்.

"சம்பந்தி! நீங்க எப்ப வந்தீங்க? உள்ள வாங்க, சாப்பிட்டுக்கிட்டிருந்தேன்" என்று சம்பந்தியின் குரல் மதில் கதவுப் பக்கமிருந்து வந்தது. கை ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தவர், பைப்காரர் நிற்கிற இடத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இது என்ன சம்பந்தி?"

"மேல வாங்க. பேசுவோம்."

"இங்கயே பேசுவோம். இது என்ன?"

சம்பந்தி பெருமூச்சு விட்டார். "ஆரம்பத்துல நெஜமாவே அரைச்சேன். சத்தியமா. அரைச்சு, உருக்கி, புதுசோட கலந்து டேங்க் போட்டேன். மொத மழைக்கே அடியில விரிஞ்சுது. ஒண்ணு ரெண்டு இல்ல, போட்டதெல்லாம். அப்புறம் நிறுத்திட்டேன்."

"பலகையை நிறுத்தலையே?"

"பலகையை எடுத்தா வியாபாரம் எப்படி நடக்கும்? ஊர்ல எல்லாரும் சந்தோஷமா பழசைக் கொடுத்துட்டு புதுசு வாங்கறாங்க. யாருக்கு என்ன நஷ்டம்? தண்ணி ஒழுகாம நிக்குதா இல்லையா?"

"நான் வீடு வீடாப் போய் சொன்னேன் சம்பந்தி. என் வாயால."

"அதான் சொல்றேன், உங்க வாய்க்குத்தான் மதிப்பு. நான் சொன்னா எவன் நம்புவான்?" சம்பந்தி அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். முகத்தில் கள்ளம்கூட இல்லை. அதுதான் பைப்காரரை அடித்துப் போட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவருக்குக் கொஞ்சமாவது கை நடுங்க வேண்டாமா?

கொட்டகையை ஒட்டியே வீடு. மாப்பிள்ளை வெளியூர் போயிருந்தார். மகள் மேசை முன்னால் உட்கார்ந்து போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவின் காலில் ஒட்டியிருந்த கறுப்புச் சில்லுகளைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட மாட்டாளா என்று இருந்தது அவருக்கு.

"தெரியும்பா."

"எப்பலேர்ந்து?"

"கல்யாணமாகி வந்தப்பவே. ஜன்னலைத் தொறந்தா அந்தக் குழிதானே தெரியும்."

"தெரிஞ்சுமா அந்தப் படமெல்லாம் போட்ட? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் பயம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"உங்களுக்குத் தெரியும்னு நெனைச்சேன்பா."

அவருக்கு முதலில் புரியவில்லை.

"என்ன சொன்ன?"

"நீங்களும் சேர்ந்துதான் பண்றீங்கன்னு நெனைச்சேன். நீங்கதானே எல்லாத்தையும் கழட்டிக் கொண்டு வர்றீங்க? கையில எடுத்தாலே பொடியா உதிருது. இத்தனை வருஷம் தொழில் பண்றவருக்கு அது மறுபடி டேங்காகுமா ஆகாதான்னு தெரியாதா? எனக்காகத்தான் கண்டும் காணாம இருக்கீங்கன்னு நெனைச்சேன். அதனாலதான் நானும் வாயைத் தொறக்கல. உங்க பேர் கெட்டுடக் கூடாதுன்னு."

பைப்காரர் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். சம்பந்தி ஏமாற்றினார் என்றால் ஆத்திரப்படலாம். மகள் மறைத்தாள் என்றால் திட்டலாம். ஆனால் தான் பெற்ற பெண்ணே, மூன்று வேளையும் தன் மடியில் உட்கார்ந்து சாப்பிட்டவள், அப்பா ஒரு புளுகன் என்று மனதுக்குள் முடிவு செய்து, அதை மன்னித்தும் வைத்து, பண்டிகை நாளில் வந்து காலில் விழுந்து எழுந்து போயிருக்கிறாள். இதற்கு யாரைத் திட்டுவது?

மூடியை எடுக்காமலே கிளம்பினார். குழியில் பொறுக்கிய துண்டுகள் இரண்டு மட்டும் வண்டிப் பெட்டியில் கிடந்தன.

வீட்டில் மனைவி முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, "பொண்ணு வாழ்ற வீடு. நீங்க வாயைத் தொறந்தா அவ வாழ்க்கைல மண்ணு விழும்" என்றாள். கொஞ்சம் கழித்து அவளே, "தொறக்கலைன்னா உங்களுக்குச் சோறு எறங்காது. எனக்குத் தெரியும்" என்றாள்.

ஆத்திரத்துக்கு நடுவிலும் ஒரு கேள்வி அவரை அரித்தது. மகள் சொன்னது சரிதானே? பொடியாக உதிர்வதைப் பார்த்தும் தான் ஏன் ஒருநாளும் யோசிக்கவில்லை? நிஜமாகவே அது மறுபடி டேங்க் ஆகாதா? அல்லது ஆகுமா? சாக்கடைக் குழாய் செய்கிற தொழிற்சாலை ஒன்று அவருக்குப் பழக்கம். மறுநாள் அந்த இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு அங்கே போனார். ஒன்று வெயில் பட்ட பக்கத்துத் துண்டு. மற்றது சுவரை ஒட்டி நிழலில் இருந்த பக்கம்.

மேற்பார்வை பார்க்கிற அம்மா இரண்டையும் வாங்கி வளைத்துப் பார்த்தார். முதலாவது 'டப்' என்று உடைந்தது. இரண்டாவது வளைந்து, விட்டதும் மெல்ல நிமிர்ந்தது.

"இது நூல் திரிச்ச மாதிரின்னு வச்சுக்கோங்க. நீளநீளமா நூல். வெயில் அந்த நூலையெல்லாம் பொடிப்பொடியா அறுத்துடும். உருக்கினா உருகும், அச்சுல ஊத்தினா வடிவம்கூட வரும். ஆனா அறுந்த நூல் மறுபடி ஒட்டாது. பலம் வராது."

"அப்ப எதுக்குமே ஆகாதா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். நிழல் பக்கத்துத் துண்டு இருக்கே, மேல் தோலைச் சீவி, கழுவி, புதுசோட கொஞ்சமா கலந்தா நாங்க சாக்கடை மூடி செய்வோம். கொண்டுவந்தா வாங்கிக்குவேன். குடிக்கற தண்ணி டேங்க்? கண்டிப்பா மாட்டேன். வெயில் பட்ட துண்டை வாசல்லயே திருப்பி அனுப்பிடுவேன்."

"பிரிச்சுக் கொண்டுவந்தா வாங்கிக்குவீங்களா?"

"தாராளமா. யாரும் பிரிக்கறதில்ல. அதுதான் பிரச்சினை."

திரும்பி வரும் வழியில் அவருக்கு இன்னும் அதிகமாக வலித்தது. அடியோடு பொய் என்றால்கூடப் பரவாயில்லை போலிருந்தது. பாதி உண்மை இருந்திருக்கிறது. அந்தப் பாதியைச் செய்திருந்தால் போதும், "டேங்காக வராது டீச்சர், நல்ல பாதி சாக்கடை மூடியாகும், மிச்சம் குப்பைதான்" என்று தலை நிமிர்ந்து சொல்லியிருப்பார். இவர்கள் அந்தப் பாதியையும் சேர்த்துக் கொளுத்தியிருக்கிறார்கள்.

டீச்சரிடம் போய்ச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை, மகள் உட்பட. டீச்சர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் உங்ககிட்ட ரெண்டு தடவை கேட்டேன்" என்றார்.

"ஆமா டீச்சர்."

"பசங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே வந்து சொல்லுங்க."

போனார். கரும்பலகை முன்னால் நின்று, உடைகிற துண்டையும் வளைகிற துண்டையும் காட்டி, தன் தொழிலில் தனக்குத் தெரியாமல் போனதைச் சொன்னார். பின்வரிசையில் ஒரு சிறுமி, "அப்ப எங்க மீனை எரிச்சுட்டாங்களா?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்றார். வேறு எப்படிச் சொல்வது?

செய்தி ஒரு வாரத்தில் தெருக்களைச் சுற்றி வந்தது. பள்ளிக்கூடம் மிச்ச டேங்குகளை வேறு இடத்தில் வாங்கியது. மாப்பிள்ளை போன் செய்து, "மாமா, வேலியே பயிரை மேய்ஞ்ச மாதிரி பண்ணிட்டீங்களே" என்றார். யார் வேலி, யார் பயிர் என்று பைப்காரர் கேட்கவில்லை. போனை வைத்தார். சம்பந்தி பலகையை எடுக்கவில்லை. அதன் கீழ்ப்பாதியில் மட்டும் வெள்ளை அடித்துவிட்டார். "பழைய டேங்கைக் கொடுங்கள்" என்பதோடு நின்றது வாசகம். இப்போது பொய் இல்லை. குழியும் அங்கேயேதான் இருந்தது.

வாடிக்கைக்காரர்களில் சிலர் பைப்காரரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். சிலர் கூப்பிட்டார்கள், ஆனால் அவர் எதைச் சொன்னாலும் இன்னொருவரிடம் ஒரு தடவை விசாரித்துக்கொண்டார்கள். அதில் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. புது டேங்க் வைக்கிற இடத்தில் சுவரோர நிழலைத் தேடினார், மேலே தகரக் கூரை போட வற்புறுத்தினார். ஆயுள் முடிந்தால் எங்கே போகும் என்று கேட்டவர்களுக்கு, "பாதி போக ஒரு இடம் இருக்கு, மீதிக்கு எனக்குத் தெரியல" என்றார்.

மழை பிடித்த பிறகு ஒருநாள் மகள் வந்தாள். தனியாக வந்திருந்தாள். அம்மா உள்ளே அழைத்துப் போய்த் தலை துவட்டிவிட்டாள். பைப்காரர் கூடத்தில் குழாய்த் துண்டு ஒன்றின் முனையில் திருகு மரை வெட்டிக்கொண்டிருந்தார். மகள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"படம் போடறதை நிறுத்திட்டேன்பா" என்றாள்.

"ம்."

"மாமாவுக்குக் கோபம்தான். இருந்தாலும் நிறுத்திட்டேன்."

அவர் மரையை விரலால் தடவிப் பார்த்தார். சரியாகத்தான் விழுந்திருந்தது. மறுபடியும் வெட்டினார்.

"என்கிட்ட பேச மாட்டீங்களா?"

"என்னை நீ அப்படி நெனைச்சுட்டியேம்மா" என்றார். குரல் உயரவில்லை. "அந்தாள் பண்ணினதை என்னால மறந்துட முடியும். அந்நியன். நீ ஏன் என்னை ஒரு தடவை கேக்கல? 'அப்பா, உங்களுக்குத் தெரியுமா'ன்னு ஒரு வார்த்தை?"

வெளியே மழை வலுத்தது. தகரக் கால்வாயில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. மனைவி தட்டுகளை எடுத்து வைத்துக் கூப்பிட்டாள். மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மகள் தன் தட்டிலிருந்ததில் நல்லதை எடுத்து, சின்ன வயதில் செய்வது போல, அப்பாவின் தட்டில் வைத்தாள். அவர் அதைச் சாப்பிட்டார். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.