மாசித் திரை

அன்று மாலை அந்தக் கிடங்கில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியனான நான், கிறிஸ்துராஜ். என் தங்கை இஞ்ஞாசியம்மாள். எங்கள் இருவருக்கும் இளையவன் பிராங்கிளின். ஓவியன், சென்னையிலிருந்து வந்திருந்தான். ஒரு காலத்தில் திண்டுக்கல் வட்டாரம் முழுக்க மேடை மேடையாகப் பாடித் திரிந்த பழனிக்குமார். கண்காட்சியை ஏற்பாடு செய்த கல்லூரி ஆசிரியை தமிழ்மதி. வேறு யாரும் இல்லை.

கிடங்கு தாடிக்கொம்பு சாலையில் இருக்கிறது. ஓட்டம் நின்றுபோன ஓர் அரிசி ஆலையைச் சேர்ந்தது. சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள், ஆனாலும் உமித்தூசி மூக்கில் ஏறியது. மறுநாள் காலை திறப்பு. வீட்டார் முதலில் ஒருமுறை பார்த்துவிடட்டும் என்று தமிழ்மதி எங்களை அழைத்திருந்தார். எனக்கு முழங்கால் வலி, போக மனமில்லை. தம்பி இத்தனை வருடம் கழித்துச் சொந்த ஊரில் படம் வைக்கிறான், மூத்தவன் எட்டிப் பார்க்கவில்லை என்றால் ஊர் அதற்கு ஒரு காரணம் கட்டிவிடும். அதனால் போனேன்.

படங்கள் எல்லாம் எண்பதுகளின் தொடக்கத்தில் அவன் டிரம்ஸ் வாசித்த மேடைகள். பழனிக்குமார் இன்னிசைக் குழு என்று அப்போது ஒன்று இருந்தது. கிதார், கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் எங்கள் மாதா கோவில் பாடகர் குழுப் பையன்கள். பாடுவது பழனிக்குமார். சாணார்பட்டிப் பக்கம் ஒரு திருவிழாவுக்குப் பூமூட்டை ஏற்றும் வேனில் வாத்தியங்களோடு நெருக்கிக்கொண்டு போனதை வரைந்திருந்தான். டியூப் லைட்டில் மொய்த்த பூச்சிகளை ஒரு முழுப் படமாகவே வரைந்திருந்தான். மலைக்கோட்டை எந்தப் படத்திலும் முழுதாக இல்லை. சீரியல் பல்புகளுக்குப் பின்னால் கரிய மேடாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஏன் அப்படி என்று கேட்டேன். பாட்டுகள் எதுவும் தனக்கு ஒழுங்காக நினைவில்லை என்றான். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்வரை இருந்த இரைச்சல்தான் மறக்கவில்லையாம். ஜெனரேட்டர் உறுமுவது, அறிவிப்பாளர் தொண்டையைச் செருமுவது, கடலை வண்டிக்காரன் சட்டியைத் தட்டுவது. சென்னையில் சன்னலைச் சாத்திக்கொண்டு அந்த இரைச்சலைக் கேட்டுக் கேட்டு வரைந்தானாம்.

"நான் ஊர வரையலண்ணே. அந்த வயசுல எங் காதுல ஊரு எப்படி இருந்துச்சோ, அத வரைஞ்சேன்" என்றான்.

இந்த மாதிரிப் பேச்சு என்னைக் களைப்பாக்கிவிடும். ஆனாலும் படங்கள் மட்டமில்லை. அதைச் சொன்னேன். அவன் தலை நரைத்தவன். இருந்தும் நான் சொன்னதைக் கேட்டுச் சிறுபிள்ளைபோல் சிரித்தான்.

கடைசிச் சுவரில் பெரிய படம் ஒன்று தனியாகத் தொங்கியது. மாரியம்மன் கோவில் மாசித் திருவிழா மேடை. நடுவில் மைக்கின் முன்னால் நீலச் சேலையில் ஒரு பெண் நின்று பாடுகிறாள். முகம் என் தங்கையின் முகம். இருபது வயதில் அவள் எப்படி இருந்தாளோ அப்படியே. படத்துக்கு அடியில் அட்டை ஒட்டியிருந்தார்கள். 'மாசி. பாடகி மணிமேகலை' என்று அதில் இருந்தது.

இதை இங்கே விளக்கிச் சொல்ல வேண்டும். மாசித் திருவிழா பெரும்பாலும் எங்கள் தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாளில் வரும். தவக்காலத்தில் எங்கள் கோவிலில் வாத்தியம் இல்லை, வீட்டில் கல்யாணம் காட்சி இல்லை. எங்கள் அப்பா உபதேசியார், சாமியார் வராத ஊர்களில் செபம் நடத்துபவர். அந்த நாற்பது நாளும் ஊர் ஊராகச் சிலுவைப்பாதைச் செபம் நடத்தப் போய்விடுவார். இன்னிசைக் குழுவுக்கோ மாசிதான் ஓயாத வேலை. பழனிக்குமாருக்குப் பாடகி கிடைக்கவில்லை. நாகல் நகர் மணிமேகலை மேடையில் நின்றால் கண்ணை எடுக்க முடியாது, சுருதிதான் நிற்காது. என் தங்கையைக் கேட்டு வந்தார்கள். மாசியில் வாசிக்க விட வேண்டும் என்று பிராங்கிளின் சாப்பிடாமல் கிடந்தான். தங்கை வாயைத் திறந்து கேட்கவில்லை, ஆனால் கேட்காமல் கேட்டாள்.

நான் ஓர் ஏற்பாடு செய்தேன். குழுவின் பெயர் எழுதிய துணியை மேடைக்குக் குறுக்கே திரையாகக் கட்ட வேண்டும். எங்கள் ஆட்கள் எல்லோரும் திரைக்குப் பின்னால். பழனிக்குமாரும் மணிமேகலையும் முன்னால். மணிமேகலையின் மைக்குக்கு ஒயர் கிடையாது. ஒயர் உள்ளது என் தங்கையிடம். மணிமேகலை கைக்குட்டையை உதட்டிலிருந்து எடுப்பதைத் திரை விளிம்பில் பார்த்து இவள் பாடத் தொடங்க வேண்டும். திரையை நானே கட்டினேன். பக்கத்தில் முக்காலி போட்டு முடியும்வரை நானே உட்கார்ந்திருந்தேன். அவளுக்குக் கல்யாணம் ஆகும்வரை ஒவ்வொரு மாசியும் இப்படித்தான் நடந்தது. எங்கள் கோவில் பங்குச் சாமியாருக்குத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியாது. ஊர் முழுக்க மணிமேகலையின் குரலைப் புகழ்ந்தது. ஏற்பாடு பழுதில்லாமல் நடந்தது என்பதை இன்றும் சொல்வேன்.

வெளியே சொல்லக்கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தேன். பழனிக்குமார் மாரியம்மன் மேல் செய்தார். என் தம்பி பைபிள் மேல் செய்தான்.

அவனைத் திரும்பிப் பார்த்தேன். என்ன கேட்கப்போகிறேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"பேச மாட்டேன்னுதானண்ணே சத்தியம் பண்ணுனேன். நான் பேசலையே, வரைஞ்சேன்."

அட்டையை எழுதியது யார் என்று கேட்டேன். தமிழ்மதி முன்னால் வந்தார். பிராங்கிளின் படத்துக்கு மாசி என்று மட்டும் பெயர் கொடுத்தாராம். பாடகி யார் என்று இவர் பழனிக்குமாருக்குப் போன் செய்து விசாரித்தாராம். ஊரில் வேறு யாரைக் கேட்டாலும் அதே பெயரைத்தான் சொன்னார்களாம். சொல்லிக்கொண்டே வந்தவர் படத்தைப் பார்த்தார், நாற்காலியில் இருந்த என் தங்கையைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"அப்ப மேடையில பாடுனது யாருங்கய்யா?" என்று பழனிக்குமாரிடம் கேட்டார்.

பழனிக்குமாருக்குச் சர்க்கரை வியாதியில் உடம்பு பாதியாகிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அத எங்கிட்ட கேக்காதம்மா. சத்தியத்த வாங்குனவரு அந்தா நிக்கிறாரு. அவரு திருப்பித் தந்தா நான் சொல்லுவேன். எம் பொண்டாட்டி சாகுற மட்டும் கேட்டா, அவகிட்டயே சொல்லல." பிறகு என் பக்கம் கண்ணைக் காட்டிச் சொன்னார்: "சாரு அன்னைக்கும் முக்காலியில உக்காந்து இப்படித்தான் மொறைச்சாரு. தாளம் தப்புனா அம்மன விட இவருக்குத்தான் பயப்படுவோம்."



படத்தை இறக்கும்படி சொன்னேன். தமிழ்மதி தயங்கினார். அழைப்பிதழில் அச்சாகியிருக்கும் படம் அதுதானாம். அப்படியானால் முகத்தையாவது மாற்று என்று தம்பியிடம் சொன்னேன். உபதேசியார் மகள் தவக்காலத்தில் மாரியம்மன் மேடையில் நின்றாள் என்று ஒருவர் விரல் நீட்டக்கூடாது. அவள் நின்றதும் இல்லை. நிற்காத இடத்தில் அவளை நிறுத்த இவனுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டேன்.

சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த இஞ்ஞாசியம்மாள் எழுந்து படத்தருகே போனாள். அட்டையை விரலால் தொட்டுப் படித்தாள்.

"மணிமேகலை செத்து எம்புட்டு வருசமாச்சு. அவ மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல. நல்லாத்தான் நின்னா" என்றாள். "ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கங்க. எம் மூஞ்சிய வச்சுக்கிட்டு அடியில வேற பேரு போடக்கூடாது. பேர எழுதுங்க, இல்லன்னா மூஞ்சிய அழிங்க. ரெண்டுல ஒண்ணு."

அழிப்பதுதான் சரி என்றேன்.

பிராங்கிளின் பையைத் திறந்து, ஒரு தட்டில் பழுப்பு நிறத்தைப் பிதுக்கி எண்ணெய் விட்டுக் குழைத்தான். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான், நான் சொன்னால் கேட்பான். தூரிகையை அவன் எடுத்தபோது தங்கை அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ வேணாம்ல. அண்ணே அழிக்கட்டும். அன்னைக்குத் திரையக் கட்டுனதும் அவுகதான."

நாற்பது வருடத்தில் அவள் அந்தத் திரையைப் பற்றி என்னிடம் பேசியது அன்றுதான்.

தூரிகையை வாங்கிக்கொண்டேன். கிட்டே போனால் முகமே தெரியவில்லை. பழுப்பும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது, எங்கே தொடங்குவது என்று புரியவில்லை. இரண்டடி பின்னால் வந்தேன். மறுபடியும் அவள் வந்துவிட்டாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மேல் ஸ்தாயியில் அவளுக்கு அப்படிப் புடைக்கும். அதை முக்காலியில் இருந்த நான் பார்த்திருக்கிறேன், டிரம்ஸ் பக்கம் இருந்த இவன் பார்த்திருக்கிறான். முன்னால் உட்கார்ந்திருந்த ஊர் பார்த்ததில்லை.

நாலு பேர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். யோசித்தேன். அழித்தால், அழிக்க வேண்டிய ஏதோ ஒன்று எங்கள் வீட்டில் நடந்தது என்று நானே கையெழுத்துப் போட்டதாக ஆகிவிடும். அப்படி எதுவும் எங்கள் வீட்டில் நடக்கவில்லை. அழிக்காமல் விட்டால், எங்கள் அப்பா பெற்ற பிள்ளையின் முகத்துக்கு அடியில் இன்னொரு வீட்டுப் பெயர் நிற்கும். அதை எப்படி விட முடியும்?

தூரிகையைத் தட்டில் வைத்தேன். தமிழ்மதியிடம் புது அட்டையும் பேனாவும் கேட்டேன். சன்னல் திண்டில் வைத்து, கரும்பலகையில் எழுதுவதுபோல் நிறுத்தி எழுதினேன்: 'இஞ்ஞாசியம்மாள், உபதேசியார் சவரிமுத்துவின் மகள்.' பெயர் போவதென்றால் முழுதாகப் போகட்டும்.

பழனிக்குமார் எட்டிப் படித்தார். திருப்பித் தந்தாச்சா என்று கேட்டார். தந்தாச்சு என்றேன். அவர் "மாரியாத்தா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, தமிழ்மதி இழுத்துப் போட்ட நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். ரொம்ப நேரம் சுமையோடு நடந்தவர்போல் மூச்சு வாங்கினார்.

பிராங்கிளின் பழைய அட்டையைக் கிழித்தெடுத்துப் புதியதை ஒட்டினான். அழுகிறானோ என்று நினைத்தேன். பசை சரியாகப் பிடித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். தங்கை எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. கொஞ்சம் தள்ளி நின்று படத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏலே, இப்படி நீலச் சேல எங்கிட்ட எப்படா இருந்துச்சு?"

"எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு அக்கா" என்றான் அவன்.

"கிறுக்குப் பய" என்றாள்.

ஆட்டோவில் திரும்பினோம். எனக்கு அசதி. அவள் நாகல் நகரில் மகள் அனிஷா வீட்டில் இறங்கிக்கொண்டாள். காலையில் எத்தனை மணிக்குக் கிடங்குக்கு வர வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் அவள் எல்லோருக்கும் முன்னால் வந்து, படத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பங்கு ஆட்கள் சிலர் வந்தார்கள். அட்டையைப் படித்தார்கள், என்னைப் பார்த்தார்கள். நான் விறைப்பாக நின்றேன், எதுவும் கேட்காமல் போய்விட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும், தான் அந்த மேடைக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்து கேட்டதாகவும் பாடியது மணிமேகலைதான் என்றும் சாதித்தார். இஞ்ஞாசியம்மாள் அவரோடு வாதாடவில்லை. பாட்டு நல்லா இருந்ததா என்று கேட்டாள். நல்லா இருந்தது என்றார். தலையாட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஊரில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. திறப்பு நாளில் என் தங்கை எழுந்து நின்று அந்தப் பழைய பாட்டைப் பாடினாள், கூடியிருந்தவர்கள் கண்கலங்கினார்கள், நானும் அழுதேன் என்று சொல்லிக்கொள்கிறார்கள். கடைத்தெருவில் என்னிடமே ஒருவர் சொன்னார். அது உண்மையல்ல. அவள் பாடவில்லை.