ஒன்பது டெராபைட்

நாற்பது மணி நேரக் காட்சிகளை ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, அதைத் துப்பட்டாவில் சுற்றி ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்து, தென்றல் பாகூரிலிருந்து வில்லியனூருக்கு வந்தாள். பனித்திட்டு மீனவர் குப்பத்திலிருந்து மீன்கூடையோடு முதல் பஸ் பிடிக்கும் பெண்களைப் பற்றி நான்கு வருடமாக அவள் எடுத்த ஆவணப்படம் அது.

இளங்கோவின் எடிட்டிங் அறை மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. கல்யாண வீடியோக்கள்தான் அவன் பிழைப்பு. இருவரும் ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அப்போதிலிருந்து அவன் மனதில் ஒன்று இருந்தது. பன்னிரண்டு வருடமாகியும் சொல்லவில்லை.

"என் லேப்டாப்புல ஓட்டினா திக்கித் திக்கி நிக்குதுப்பா," என்றாள். "எந்த ஃபார்மட்டுக்கு மாத்தணும், எவ்ளோ இடம் புடிக்கும்னு சொல்லு. அத வச்சி நான் பிளான் பண்ணிக்கிறேன்."

"கேமரா எல்லாத்தையும் நெருக்கி அடச்சி வச்சிருக்குது. நீ தொடற ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் அதப் பிரிச்சி எடுக்கணும், அதான் திக்குது. எடிட்டிங்குக்குன்னே இருக்கற ஃபார்மட்டுல மாத்திட்டா வழுக்கினு ஓடும். புரோரெஸ்னு ஒண்ணு இருக்குது, அதப் போடலாம்."

ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினான். மணிக்கு இருநூற்று இருபது ஜிபி. நாற்பது மணிக்கு எட்டாயிரத்து எண்ணூறு.

"ஒம்பது டெராபைட்டுக்குக் கொஞ்சம் கம்மி. தூக்கினு போற சமாச்சாரம் இல்ல. எங்கிட்ட பெரிய டிஸ்க் பெட்டி இருக்குது. இங்கியே உக்காந்து பண்ணு."

கணக்கில் தப்பில்லை. அவன் சொல்லாமல் விட்டதுதான் தப்பு. அதே காட்சிகளைச் சிறிய நகல்களாக மாற்றினால் மணிக்குப் பதினேழு ஜிபி போதும். நாற்பது மணியும் பைக்குள் போடும் ஒரு டிஸ்க்கில் அடங்கிவிடும். எந்த ஊரில் வேண்டுமானாலும் வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் அசலோடு இணைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அவன் அப்படித்தான் செய்தான். 

மறுநாளிலிருந்து அவள் வந்தாள். பத்து மணிக்கு மேல் தெருமுனையில் ஸ்கூட்டர் திரும்பும் சத்தம் கேட்டதும் அவன் மின்விசிறியைக் கூட்டிவைப்பான். சிந்தாமணி என்ற மீன்காரி கண்டக்டரை வறுத்தெடுக்கும் காட்சியை எட்டுத் தடவை ஓட்டிப் பார்த்தார்கள். எட்டுத் தடவையும் வசவு வருவதற்கு முன்பே தென்றல் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே அவன் ஒன்பதாவது தடவையும் ஓட்டினான். நெட்டப்பாக்கத்துக் கல்யாண வீடியோ கேட்டு ஃபோன் வந்தபோது, சிஸ்டம் ரிப்பேர் என்று பொய் சொன்னான். பதினோரு நாள் இப்படிப் போனது.

பன்னிரண்டாம் நாள் மதியத்துக்கு மேல்தான் வந்தாள். தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை.

"கொச்சியில ஒரு பட்டறை. மூணு மாசம். பெரிய எடிட்டருங்க கூடவே உக்காந்து படத்த முடிச்சித் தருவாங்க. ஆறு பேரத்தான் எடுத்திருக்காங்க, அதுல நானும் ஒருத்தி."

"நல்லதுதான?"

"இன்னா நல்லது? ஒம்பது டெராபைட்ட எங்க தூக்கினு போறது? வரலன்னு எழுதினுதான் இருக்கேன்." ஃபோனில் பாதி எழுதிய மெயிலைக் காட்டினாள்.

அவன் அந்த மெயிலைப் படித்தான். பேசாமல் இருந்தால் போதும், நாளைக்கும் அந்த ஸ்கூட்டர் வரும். மூன்று மாதமும் வரும்.

"இரு, அனுப்பாத," என்றான். "சின்ன நகல் போட்டா எல்லாம் சேர்ந்து எழுநூறு ஜிபிகூட வராது. ஒன் லேப்டாப்புலயே ஓடும். எடுத்துனு போலாம்."

அவள் அவனையே பார்த்தாள். "அன்னிக்கே உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா நீ போய்டுவ."

கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்பது மேலே வரை கேட்டது. "நான் உன்ன நம்பித்தான இளங்கோ கேட்டேன்," என்றாள் கடைசியில். மெயிலை அழித்தாள். "நகல் போட எவ்ளோ நேரம் ஆவும்?"

"ரெண்டு நாளு."

"போடு."

அந்த இரண்டு நாளும் அவள் வரவில்லை. நகல் எவ்வளவு முடிந்தது என்று காட்டித் திரையில் நகரும் கோட்டைப் பார்த்தபடி அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் வந்து டிஸ்க்கை வாங்கிக்கொண்டாள். படியில் இரண்டு எட்டு இறங்கியவள் நின்றாள்.

"அந்தப் பதினோரு நாளும் எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சி. அதான் கோவம் அடங்க மாட்டேங்குது," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

கொச்சியிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஒரு ப்ராஜெக்ட் ஃபைல் வந்தது. ஒரு ஃபோட்டோ அளவுகூட இருக்காது. அதைத் திறந்து தன்னிடமிருந்த அசல் காட்சிகளோடு இணைத்தால், அங்கே அவள் வெட்டியதெல்லாம் இங்கே பெரிய திரையில் முழுத் தெளிவோடு ஓடும். கூடவே வரும் மெயிலில் காட்சி எண்ணும், சத்தம் குறைவு என்பது போன்ற குறிப்பும் மட்டும். அவனும் அப்படியே பதில் போட்டான். 'சாப்பாடெல்லாம் எப்படி இருக்குது' என்று ஒருமுறை எழுதி, அழித்துவிட்டான். மீன்காரிகள் இறங்கிப்போன காலி பஸ்ஸை ஓரிடத்தில் அவன் நினைத்ததைவிட அதிக நேரம் விட்டிருந்தாள். ஏனென்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அதை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான்.

மூன்றாம் மாதக் கடைசியில் முழுப்படமும் வந்தது. எழுபத்து நான்கு நிமிடம். 'படத்துக்குக் கலர் சரி பண்ணும்போது நான் கூட இருக்கணுமா? உண்மையச் சொல்லு' என்று எழுதியிருந்தாள்.

'வேணாம். லிங்க் அனுப்பறேன், எங்கேருந்து வேணா பாத்துக்கலாம்' என்று அடித்தான். கொஞ்ச நேரம் கழித்துக் கீழே ஒரு வரி சேர்த்தான்: 'ஆனா நீ வந்தா எனக்கு சந்தோஷம். காலேஜ்லேருந்தே அப்படித்தான்.' மனசு மாறுவதற்குள் அனுப்பினான்.

இரண்டு நாள் பதில் இல்லை. வியாழக்கிழமை காலையில் வந்தது.

'ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வந்துடுவேன். திங்கக்கெழம பத்து மணிக்கு அங்க இருப்பேன். மத்தத நேர்ல பேசிக்கலாம்.'

இடையில் இன்னும் மூன்று நாள் கிடந்தது. இளங்கோ கதவைத் தாழிட்டுவிட்டு, அவள் வந்ததும் காட்டுவதற்காக முதல் காட்சியைத் திறந்து கலர் வேலையை ஆரம்பித்தான்.