ஐந்தாவது ஆளின் அட்டை

ஸ்டோவர் பல்கலைக்கழகத்து ஆண்கள் கோல்ஃப் அணியின் வரலாற்றை எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள். முதல் இருபத்தேழு வருஷத்தை ஒரே வரியில் முடித்துவிடலாம்: போனோம், தோற்றோம், வேனில் ஏறித் திரும்பினோம். கான்சாஸ் காற்றில் பந்து எங்கே போகிறது என்று எங்களுக்கும் தெரியாது, பந்துக்கும் தெரியாது. 1971 மே மாதத்து மத்தியானம் ஒன்று இருக்கிறது. வரலாறு என்றால் அதுதான், மற்றதெல்லாம் வெறும் தேதி.

அந்த வருஷம் விளையாட்டுத் துறைத் தலைவர் எங்கள் கோச் ஹெகர்ட்டைக் கூப்பிட்டு முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். மண்டலக் கோப்பை வந்தால் அணி இருக்கும், வராவிட்டால் இந்த வருஷத்தோடு மூடிவிடுவோம். கோச் வேதியியல் வாத்தியார். கோல்ஃப் அவருக்கு உயிர். அன்றைக்கு வகுப்பில் இரண்டு குடுவைகளை உடைத்தார்.

அணியில் நாங்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் ஆடுவோம், ஆனால் குறைந்த அடிகளில் முடித்த நாலு பேருடைய எண்தான் அணிக்குச் சேரும். ஐந்தாவது எண் குப்பைக்கு. இரண்டு வருஷமாக அந்தக் குப்பை நான்தான், விர்ஜில் டால். ஒரு தடவைகூட என் எண் சேர்ந்ததில்லை.

“நீ எதுக்குடா தினமும் ஷூவுக்குப் பாலிஷ் போடுற? உன்னை யாரு பார்க்கப் போறா?” என்பான் எங்கள் கேப்டன் லோவெல் ப்ராதர். கொழுப்பு பிடித்தவன். ஆனால் ஆட்டத்தில் அவனை அடிக்க மண்டலத்திலேயே ஆள் கிடையாது.

எங்கள் போட்டியில் முதல் ஆள் முதலில் கிளம்புவான், ஐந்தாவது ஆள் கடைசியில். அந்த மே மத்தியானம், மண்டலக் கோப்பைப் போட்டியில், என்னோடு ஜோடியாக ஆடியவன் நார்த்ஃபோர்க் கல்லூரியின் டுவெய்ன் கெசல். கோப்பை நாலு வருஷமாக அவர்களிடம்தான் இருந்தது. என் அடிகளை அவன் அட்டையில் எழுத வேண்டும், அவன் அடிகளை நான். அதுதான் முறை. பதினாலு குழி முடிந்தபோது நான் அறுபத்து மூன்று அடித்திருந்தேன். யாருக்கு என்ன கவலை? புல்லில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தேன்.

கோச் மூச்சிரைக்க ஓடி வந்தார். தொப்பியைக் காணோம்.

“அதைத் துப்புடா! லோவெல் அவுட்!”

“என்ன கோச், கால் சுளுக்கிக்கிட்டானா?”

“கால் நல்லாத்தான் இருக்கு, மூளைதான் இல்ல! ஒன்பதாவது குழியில நாலு அடிச்சிருக்கான். அட்டையில மூணுன்னு எழுதியிருக்கான் கூட ஆடின அந்த இன்னொருத்தன். இவன் படிக்காம கையெழுத்தப் போட்டுட்டு குதிச்சுக்கிட்டு வந்துட்டான். அப்புறம் போர்டுல பார்த்துட்டு இவனே போய்ச் சொல்லியிருக்கான். நீக்கிட்டாங்க.”

அடித்ததைவிடக் குறைந்த எண்ணில் கையெழுத்துப் போட்டால் ஆளே காலி. கூடுதல் எண்ணில் போட்டால் அந்தக் கூடுதல்தான் நிற்கும். விதி அப்படி.

“அப்போ…” என்றேன். தொண்டையில் ரொட்டி சிக்கியது.

“அப்போ உன் ஸ்கோர்தான் சேரும். மத்தவங்க எல்லாரும் முடிச்சாச்சு, கூட்டிப் பார்த்துட்டேன். எழுபத்தொன்பது எடுத்தா ஒரு அடியில ஜெயிக்கிறோம். எண்பதுன்னா சமம். சமம்னா கோப்பை பழைய ஆளுங்ககிட்டயே இருக்கும்.”

மிச்சம் நாலு குழி, பதினாறு அடி. நாலு குழியிலும் ஒரு அடிகூடப் பிசகக் கூடாது. என் ஜென்மத்தில் தொடர்ந்து நாலு குழி நான் அப்படி ஆடியதே இல்லை.

பதினைந்தாவதில் நாலு. எப்படி என்று கேட்காதீர்கள். பதினாறாவதில் பந்து மணல் பள்ளத்தில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். மணலோடு பறந்துபோய்க் குழிக்குப் பக்கத்தில் நின்றது. தட்டிவிட்டேன், மூன்று! கெசல் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“இவ்வளவு நேரம் எங்கடா ஒளிச்சு வச்சிருந்த இதை?”

“எனக்கே தெரியலடா,” என்றேன். சத்தியமாகத் தெரியவில்லை.

பதினேழாவதில் பந்து ஒரு பெரிய மரத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. கெசல் எதிர்ப்பக்கம், நூறு தப்படி தள்ளி. எனக்குப் பதற்றம். பையைக்கூட இறக்காமல் ஒரு மட்டையை உருவி, பந்துக்குப் பின்னால் நின்று சும்மா வீசிப் பார்த்தேன். புழுதி பறந்தது. பிறகு பையை மரத்தில் சாய்த்துவிட்டு நிஜமாகவே அடித்தேன். கிளைக்குக் கீழே புகுந்து ஓடியது பார் அந்தப் பந்து! நாலில் முடித்தேன். கடைசிக் குழிக்கு ஐந்து அடி மிச்சம்.

கடைசிக் குழியில் எங்கள் ஆட்கள் எல்லாரும் கயிற்றுக்குப் பின்னால். லோவெல் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஐந்தாவது அடிக்கு மூன்று தப்படி தூரம். தட்டினேன். பந்து குழியின் விளிம்பில் தயங்கி, விழுந்தது. எழுபத்தொன்பது! கோச் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஆடினார், ஐம்பத்தெட்டு வயதில்.

எல்லாரும் கட்டிப்பிடிக்க வந்தார்கள். லோவெல் குறுக்கே விழுந்து தடுத்தான். கண் சிவந்திருந்தது.

“எவனும் தொடாதீங்கடா அவனை! விர்ஜில், மேஜைக்குப் போ. ஒவ்வொரு குழியா வாய்விட்டுப் படி. நான் செஞ்ச கேணத்தனத்தை நீ செய்யாத.”

படித்தேன். பதினாறு குழி சரி. பதினேழாவதில் ஐந்து என்று இருந்தது. மொத்தம் எண்பது.

“கெசல், இது நாலுடா.”

“அஞ்சு. மரத்தடியில ரெண்டு தரம் வீசுன, நான் பார்த்தேன். முதல்ல வீசுனது பந்துல படல.”

“முதல்ல வீசுனது ஒத்திகைடா! பந்தை அடிக்கவே நினைக்கல!”

அடிக்க நினைத்து வீசினால் பந்தில் படாவிட்டாலும் அது ஒரு அடி, ஒத்திகைக்குக் கணக்கு கிடையாது. பதினேழாவதில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. அவன் ஐந்து என்று நின்றால் யாரை நம்புவார்கள்? அதுவரை ஆடிக்கொண்டிருந்த எங்கள் கோச் இப்போது சிலையாக நின்றார். கெசலின் கோச் அவன் தோளில் கையைப் போட்டு, “பார்த்தது பார்த்ததுதானே, தம்பி,” என்றார், சாதுவாக. எனக்கு அவர் கழுத்தைப் பிடிக்கலாம் போல வந்தது.

கெசல் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான்.

“முதல் தரம் வீசும்போது உன் பை எங்க இருந்துச்சு?” என்றான்.

“தோள்ல.”

“ஆமா,” என்றான் மெதுவாக. “தோள்லதான் தொங்குச்சு. தோள்ல பையோட எந்த மடையனும் பந்தை அடிக்க மாட்டான்.”

அட்டையில் ஐந்தைக் கோடிழுத்து அடித்துவிட்டு நாலு என்று எழுதி, கையெழுத்துப் போட்டான். அவனுடைய கோச் கையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். நானும் கையெழுத்துப் போட்டேன். லோவெல் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் ஒரு ஷூ கழன்று விழுந்தது. அதை எடுத்துக் கொடுத்தவனும் கெசல்தான்.

“உங்க டீமை மூடப் போறாங்கன்னு கேள்விப்பட்டேன்,” என்றான்.

“இனிமே மூட மாட்டாங்க.”

“நல்லது. அடுத்த வருஷம் வாங்க. தோலை உரிச்சுத் தொங்கவிடுறேன்.”

போனோம். சொன்னபடியே பதினோரு அடி வித்தியாசத்தில் உரித்துத் தொங்கவிட்டான். வேனில் திரும்பும்போது கோச் வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். தோற்பதற்கு எங்களுக்கு ஓர் அணி இருந்ததே!